முதலில் கடிகாரத்தைச் சரி பண்ணுங்க: சிறிய கேமரா பழகுவோருக்கு ஒரு பாடம்



திருமுறை ஓதும் போட்டியோ, சமய முகாமோ, கோயில் திருவிழாவோ, நம்ம நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் ஒரு குரல் கண்டிப்பா கேட்கும்: "யாராவது போட்டோ எடுங்கப்பா!" உடனே பத்துக் கைப்பேசிகள் மேலே எழும். ஒரு மாதம் கழித்து மலருக்குப் படம் கேட்டால், பாதிப் படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்திருக்கும். மீதிப் பேர், "போன்ல இடம் பத்தலை, அழிச்சிட்டேன்" என்பார்கள்.

அதனால் கிளைக்கு ஒரு கேமரா, அதைப் பொறுப்பாகக் கையாள ஒருவர் என்று இருந்தால் நல்லது. புதுசா வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் வாங்கிய, சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமரா ஒன்று பல வீட்டு அலமாரியில் தூங்கிக்கிட்டு இருக்கும். நம்ம வேலைக்கு அது போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். கோயில் கும்பாபிஷேகம் வழக்கமாக 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும். இன்று நாம் எடுக்கும் படத்தை அடுத்த கும்பாபிஷேகத்தின்போது ஒருவர் திறந்து பார்த்து, இது எந்தக் கோயில், எந்த நாள், இதில் நிற்பவர் யார் என்று சொல்ல முடியணும். இதுதான் நம்ம குறிக்கோள். தோட்டம் மூடி, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்து, கோயிலும் வேறு நிலத்துக்கு மாறிய இடங்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. அந்தப் பழைய கோயில் எப்படி இருந்ததென்று காட்டச் சில குடும்ப ஆல்பங்கள்தான் மிச்சம். அந்தப் படங்களைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் தேதியும் பேரும் பேனாவால் எழுதியிருக்கும். டிஜிட்டல் படத்துக்குப் பின்பக்கம் கிடையாது. அதை நாமதான் எழுதி வைக்கணும். அந்த வேலை கேமராவைத் திறந்து முதல் செட்டிங் வைக்கும்போதே தொடங்குகிறது.

கேமராவுக்குள் நடப்பது

1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். அதன் எடை சுமார் 3.6 கிலோ. படத்தின் அளவு 100-க்கு 100 புள்ளிகள், அதாவது மொத்தமே 10,000 புள்ளிகள். ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது. இன்று உங்கள் கையில் உள்ள சின்னக் கேமராவும் அதே வேலையைத்தான் செய்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் சென்சார் என்ற சில்லில் விழுகிறது. சில்லில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் எண்ணாகி, கார்டில் கோப்பாகப் பதிகிறது.

இந்தச் சென்சார் ரொம்பச் சின்னது. பெரும்பாலான சட்டைப்பைக் கேமராக்களில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம், 4.5 மில்லிமீட்டர் உயரம். பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் சட்டமோ 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பளவில் 30 மடங்குக்கு மேல் வித்தியாசம். சின்னக் கிண்ணத்தில் மழைநீர் குறைவாகத்தான் சேரும். அதுபோல, சின்னச் சென்சாருக்கு வெளிச்சமும் குறைவாகவே கிடைக்கும். பகலில் அருமையாக எடுக்கும் கேமரா மண்டபத்துக்குள் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். கீழே சொல்லும் பல குறிப்புகளும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே வரும்.

முந்தின நாள் இரவு செய்ய வேண்டியவை

பேட்டரி. முழுசா சார்ஜ் பண்ணுங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்த பேட்டரி என்றால் முதலில் அதைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்க. வயிறு உப்பியிருந்தால் கேமராவில் போடவே கூடாது, சார்ஜும் பண்ணக் கூடாது. நல்ல பேட்டரியாக இருந்தாலும் பழசு என்றால் சீக்கிரம் இறங்கும். இன்னொன்று கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது. கேமராவையும் பேட்டரியையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீங்க.

மெமரி கார்டு. எஸ்.டி. கார்டில் மூன்று வகை பரவலாகப் புழங்குகிறது: 2 ஜிகாபைட் வரை உள்ளது எஸ்.டி., அதற்கு மேல் 32 வரை எஸ்.டி.எச்.சி., 32-க்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய கேமராவில் 64 ஜிகாபைட் கார்டைப் போட்டால் 'கார்டு பழுது' என்று காட்டலாம். கார்டு நல்லாத்தான் இருக்கும். கேமராவுக்கு அந்த வகை தெரியாது, அவ்வளவுதான். 8 ஜிகாபைட் கார்டே நமக்கு ஏராளம். ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்தால் சுமார் 2,000 படங்கள் கொள்ளும். கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு விசை இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் எதுவும் பதியாது. கார்டில் உள்ள பழைய படங்களைக் கணினியில் சேமித்த பிறகு, கேமராவின் மெனு வழியாகவே ஃபார்மட் பண்ணுங்க. ஃபார்மட் செய்தால் கார்டில் உள்ள எல்லாமே போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

கடிகாரம். தலைப்பில் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட தேதி, நேரம், கேமரா வகை, வெளிச்ச அளவுகள் எல்லாம் எக்சிஃப் என்ற குறிப்பாகக் கோப்புக்குள்ளேயே பதிகின்றன. பேட்டரி இல்லாமல் நாள் கணக்கில் கிடந்த கேமராவில் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பியிருக்கும். அதைக் கவனிக்காமல் எடுத்தால், இந்த வருஷத் திருவிழாப் படம் 2008 ஜனவரி 1 என்று சொல்லும். கைப்பேசி நேரத்தைப் பார்த்து நிமிஷம் வரை சரியாக வையுங்க. மூன்று பேர் மூன்று கேமராவில் எடுத்தால் மூன்றிலும் ஒரே நேரம் இருக்கணும். பிறகு எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு நேரப்படி அடுக்கினால் நிகழ்ச்சி தன் வரிசையில் நிற்கும். ஒரு கடிகாரம் இரண்டு மணி நேரம் தவறி இருந்தால், கடம் புறப்படுவதற்கு முன்பே கலசத்தில் நீர் ஊற்றிவிட்ட மாதிரி ஆகும்! கடைசி நேரத்தில் மெனுவைத் தேட அவகாசம் இல்லையா? கைப்பேசியில் நேரம் தெரியும் திரையை ஒரு படம் எடுத்துக்கோங்க. வித்தியாசம் எவ்வளவு என்று பிறகு கணக்குப் போட்டுத் திருத்தலாம்.

தேதியைப் படத்தின் மேலேயே ஆரஞ்சு எழுத்தில் அச்சிடும் வசதியும் சில கேமராக்களில் உண்டு. அதை அணைத்து வையுங்க. அது முகத்தின் மேலோ சாமி அலங்காரத்தின் மேலோ விழுந்தால் எடுக்கவே முடியாது. எக்சிஃப் குறிப்பில் தேதி இருப்பதே போதும்.

படத்தின் அளவு. மெனுவில் ஆகப் பெரிய அளவையும் உயர்ந்த தரத்தையும் தேர்ந்தெடுங்க. ஏன் என்று கணக்கு சொல்லும். அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் என்பது பொதுவான அளவு. 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளி. அதை 300 ஆல் வகுத்தால் சுமார் 13-க்கு 10 அங்குலம் வரும். மலரின் முழுப் பக்கத்துக்கும் தாங்கும். அதே கேமராவில் யாரோ 640-க்கு 480 என்று குறைத்து வைத்திருந்தால் 2.1-க்கு 1.6 அங்குலம்தான் வரும். அடையாள அட்டைப் படத்துக்கு வேணும்னா சரி.

கோயிலுக்குள் நுழையும் முன்

முதலில் அனுமதி. ஆலய நிர்வாகத்தினரிடமும் குருக்களிடமும், "ஐயா, படம் எடுக்கலாமா? எந்த இடம் வரைக்கும் நிக்கலாம்?" என்று கேளுங்க. கருவறையையும் மூலவரையும் எடுக்கக் கூடாது என்பது பல கோயில்களில் வழக்கம். உள்ளூர் வழக்கம் எதுவோ அதை மீறாதீங்க.

அடுத்து மூன்றை அணையுங்க: ஃபிளாஷ், பட்டனை அழுத்தும்போது வரும் 'பீப்' சத்தம், குறிபார்க்க உதவும் ஆரஞ்சு விளக்கு. மேடையில் ஏழு வயதுப் பிள்ளை கண்ணை மூடிப் பதிகம் பாடிக்கிட்டு இருக்கும். நம்ம 'பீப்' கேட்டுக் கண்ணைத் திறந்தால் அடுத்த அடி மறந்து போகும். நம்ம படத்துக்காக அந்தப் பிள்ளை மார்க்கை இழக்கக் கூடாது.

கையில் விபூதி இருக்கும். கற்பூரப் புகையும் இருக்கும். லென்ஸில் விபூதி பட்டால் விரலாலோ வேட்டி நுனியாலோ தேய்க்காதீங்க. அது தூள், தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழலாம். ஊதுகுமிழ் கொண்டு தூளை நீக்கிவிட்டு, பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் மெதுவாகத் துடையுங்க. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் நீராவி படிவதும் உண்டு. கேமராவைப் பைக்குள்ளேயே விட்டு ஒரு கால் மணி நேரம் பொறுங்க, தானா தெளியும்.

பிடிப்பதும் அழுத்துவதும்

இரண்டு கையாலும் பிடிங்க. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்க. தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்க. கேமரா வாரைக் கையில் மாட்டியே வையுங்க. கூட்டத்தில் ஒரு இடி இடித்தால் போதும், கேமரா தரையில் இருக்கும்.

ஷட்டர் பட்டனுக்கு இரண்டு படி உண்டு. பாதி அழுத்தினால் கேமரா குறிபார்த்து வெளிச்சத்தை அளக்கும். திரையில் பச்சைக் கட்டம் வரும். அதன் பிறகே முழுவதும் அழுத்தணும். பூசாரி தீபத்தைச் சுற்றத் தொடங்குவதற்கு முன்பே பாதி அழுத்திக் காத்திருந்தால், தீபம் உச்சிக்கு வரும் நொடியில் தாமதம் இல்லாமல் படம் விழும். சின்னக் கேமராக்கள் மெதுவானவை என்ற குறை பாதியளவு இதிலேயே தீர்ந்துவிடும்.

ஜூம் இரண்டு வகை. ஆப்டிகல் ஜூமில் லென்ஸ் நகர்ந்து நிஜமாகவே பெரிதாக்கும். டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துக் காட்டும், அவ்வளவே. அதை மெனுவில் அணைத்திடுங்க. ஆப்டிகல் ஜூமை நீட்ட நீட்ட லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும், கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். முடிந்தால் நான்கு அடி முன்னே நடந்து போங்க.

வெளிச்சம் போதாதபோது

கையில் பிடித்து எடுக்கும் சாதாரணப் படத்துக்கு ஷட்டர் 1/60 வினாடியாவது இருப்பது பாதுகாப்பு. நடந்து வரும் காவடிக்கு 1/250 வேண்டும். சாயங்கால மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தபோது கேமரா 1/15 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் கலங்கும். ஐ.எஸ்.ஓ.-வை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும்: 200-க்கு 1/30, 400-க்கு 1/60, 800-க்கு 1/125. ஆனால் உயர்த்த உயர்த்தப் படத்தில் மணல் தூவிய மாதிரி புள்ளிகள் வரும். சின்னச் சென்சாரில் 800-க்கு மேல் அது நன்றாகவே தெரியும். இருந்தாலும் மணல் தூவிய படத்தில் முகம் அடையாளம் தெரியும், கலங்கிய படத்தில் தெரியாது. அதனால் தயங்காமல் உயர்த்துங்க.

"ஃபிளாஷ் போட்டா என்ன?" என்று கேட்கலாம். ஒளி தூரத்தின் இருமடியில் குறையும். 2 மீட்டரில் விழும் வெளிச்சம் 4 மீட்டரில் கால் பங்கு, 8 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. மண்டபத்தின் பின் வரிசையில் இருந்து ஃபிளாஷ் அடித்தால் மேடை இருட்டாகவே இருக்கும். முன் வரிசை மாமாவின் தலை மட்டும் பளிச்சிடும். ஃபிளாஷ் நிஜமாக உதவும் இடம் ஒன்று உண்டு. நண்பகல் வெயிலில் எடுக்கும் குழுப்படத்தில் நெற்றி வெளுத்துக் கண்ணெல்லாம் குழியாகத் தெரியும். அப்போது இரண்டு மூன்று மீட்டரில் நின்று ஃபிளாஷ் போட்டால் அந்த நிழல் மென்மையாகும்.

கேமராவின் வெளிச்ச அளவீட்டில் ஒரு குணம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே அளக்கும். அதனால் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் குழு மங்கிச் சாம்பலாக வரும். கருங்கல் தூண் வெளுத்துச் சாம்பலாக வரும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இதற்காகவே இருக்கிறது. வெள்ளைக்கு +0.7 அல்லது +1, கருப்புக்கு −0.7 அல்லது −1. பத்துமலை அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை வெளிர்வானம் பின்னணியாக எடுக்கும்போது சிலை இருண்டு போவதும் இதே காரணத்தால்தான். வானத்தின் வெளுப்பைப் பார்த்துக் கேமரா ஏமாறுகிறது. அங்கே +1 வைத்துப் பாருங்க, பொன்னிறம் திரும்பும்.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. 'வெள்ளைச் சமநிலை' தானியங்கியில் இருந்தால், எண்ணெய் விளக்கின் மஞ்சள் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்துக் கேமரா கொஞ்சம் குறைத்துவிடும். தீபாராதனைக்குச் சூரியன் படம் போட்ட பகல்வெளிச்ச நிலைக்கு மாற்றுங்க. கண் பார்த்த வெதுவெதுப்பு படத்திலும் இருக்கும்.

எதை எடுக்கணும்

கும்பாபிஷேகம் என்றால் யாகசாலை, கடம் புறப்பாடு, கோபுரக் கலசத்தில் புனித நீர், மகா தீபாராதனை, அன்னதானம் என்று ஒரு பட்டியல் போட்டுச் சட்டைப்பையில் வையுங்க. அதோடு யாரும் எடுக்காததையும் சேருங்க: கோயிலின் முழு முகப்பு, பெயர்ப்பலகை, கல்வெட்டு, நன்கொடையாளர் பலகை, தல மரம், சாலையிலிருந்து கோயில் தெரியும் விதம். கோயில் இடம் மாறினால் இவைதான் முதலில் மறையும். சமையல்கட்டில் வியர்வையோடு சாம்பார் கிளறும் அம்மாக்களையும், பந்தல் கட்டும் அண்ணன்மார்களையும் எடுங்க. மேடையில் மாலை வாங்குபவருக்கு நூறு படம் இருக்கும், இவங்களுக்கு ஒன்றும் இருக்காது.

எடுக்கக் கூடாததும் உண்டு. அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம். பால்குடம் எடுத்து ஈரத்துணியோடு வரும் பெண்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பிள்ளைகளின் படத்தை வெளியிடும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. பக்தர் வழியில் நின்று படம் எடுப்பதைவிட, வழிவிட்டு ஒரு படத்தை இழப்பது மேல்.

படத்தின் பின்பக்கம்

நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே கார்டில் உள்ள டி.சி.ஐ.எம். என்ற கோப்புறையைக் கணினிக்கு நகலெடுங்க. கோப்புறையின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ஆண்டு, மாதம், நாள், பிறகு கோயில் பெயர், நிகழ்ச்சி. இந்த வரிசையில் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். மூன்று பிரதி வையுங்க: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஒருவர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வெள்ளம் ஒரு வீட்டில் புகுந்தாலும் படம் பிழைக்கும். மூன்றும் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் பண்ணணும். மலர்க்குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்க, அளவு சுருங்காது.

கடைசியாகப் பேர். ஒரு வாரத்துக்குள், கோயிலில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, முக்கியமான இருபது படங்களைக் காட்டுங்க. "பாட்டி, இவங்க யாரு? இந்த மரத்தடியில முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேளுங்க. கிடைத்த பதிலை, படத்தின் எண்ணோடு ஒரு எழுத்துக் கோப்பில் தமிழில் எழுதி, அதே கோப்புறையில் போடுங்க. குழுப்படம் என்றால் இடமிருந்து வலம், வரிசை வரிசையாகப் பேர். கேமராவுக்குத் தேதி தெரியும். பாட்டியின் பேர் தெரியாது. அது பாட்டிக்கும் அவருடைய வயதினருக்கும்தான் தெரியும், அவர்கள் எப்போதும் இருக்கப் போவதில்லை. ஆகவே மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீங்க.

இந்த மாதப் பயிற்சி

1. வீட்டில் உள்ள கேமராவை எடுத்துக் கடிகாரம், படத்தின் அளவு, கார்டு வகை மூன்றையும் சரிபாருங்க.

2. வெள்ளைத் துணி ஒன்றையும் கருப்புத் துணி ஒன்றையும் தனித்தனியே சட்டம் நிறையும்படி எடுங்க. கூட்டல் கழித்தல் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை. நான்கு படத்தையும் ஒப்பிடுங்க.

3. பூசை அறையில் விளக்கேற்றி, ஃபிளாஷ் இல்லாமல் ஐ.எஸ்.ஓ. 100, 400, 800 மூன்றிலும் எடுத்து, எதில் கலங்கல், எதில் புள்ளி என்று குறியுங்க.

4. உங்கள் வட்டாரக் கோயிலின் முகப்பு, பெயர்ப்பலகை, மூத்த தொண்டர் ஒருவர் என மூன்று படம் எடுத்து, தேதி, இடம், பேர் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்க.

நான்காவது பயிற்சியை எல்லாக் கிளையும் செய்தால், அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மலர் தயாரிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பாதி வேலை மிச்சம்.